பாய்லர் திட்டில் வைத்த வாட்ச்

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி, மதுரையிலிருந்து வந்திருந்த சார், அவருடைய நண்பர்கள் இரண்டு பேர். நண்பர்களில் ஒருவர் பல் டாக்டர். இன்னொருவர் நூல் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டு நாயும் எங்கள் சமையல்கட்டு வாசலில் படுத்திருந்தது. ஆனால் நாயைக் கணக்கில் சேர்க்க முடியாது. அதன் மேல் எந்தப் பழியும் நிற்காது.

ஏதாவது ஒன்று கெட்டுப்போனால் அந்த நேரத்தில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம். நல்ல பழக்கம் இல்லை. என் மேல் வருவதற்கு முன்னால் வேறு யார் மேலாவது போய்விடாதா என்று பார்க்கிற புத்திதான் அது. இந்த ஐந்து பேரையும் நான் ஒரு வருஷம் முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் கடைசியில் நான்தான் மிஞ்சினேன்.

பெருமாள்மலையிலிருந்து கொடைக்கானல் ஏறும் ரோட்டில் ஒரு கிளைப்பாதை பிரியும். அதில் இருக்கிற மூன்று அறை காட்டேஜை நானும் என் மனைவியும் பார்த்துக்கொள்கிறோம். முதலாளி கோயம்புத்தூரில் இருக்கிறார். சமைப்பது, துணி மாற்றுவது, குளிக்க வெந்நீர் போடுவது எல்லாம் நாங்கள்தான். பின்பக்கத்து அறையில் குடியிருக்கிறோம். மனைவிக்கு ஒரு பள்ளிக்கூட ஹாஸ்டல் சமையலறையிலும் வேலை உண்டு. ஜனவரியில் அங்கே லீவு என்பதால் அன்றைக்கு வீட்டில் இருந்தாள்.

சாரும் அவர் கூட்டாளிகளும் வருஷா வருஷம் பொங்கல் முடிந்ததும் வருவார்கள். மூன்று பேரும் சின்ன வயதில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். அறுபத்தைந்து தாண்டியும் ஒருவரையொருவர் டா போட்டுத்தான் பேசுவார்கள். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பக்கம் நடந்து போவார்கள். அந்த வருஷம் வெள்ளகவி என்கிற மலைக்கிராமத்துக்கு இறங்கி, அங்கே ஒரு ராத்திரி தங்கி, அப்படியே பெரியகுளம் பக்கம் இறங்கி, மறுநாள் வண்டி பிடித்து மேலே வருவதாகத் திட்டம்.

மத்தியானம் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். சார் கையிலிருந்து வாட்சைக் கழற்றி மேஜை மேல் ஒரு கைக்குட்டையை விரித்து அதன் மேல் வைத்தார். அப்போதுதான் நான் அதை முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன். அதற்கு முன் இரண்டு நாளாக அவருக்கு டீ கொடுத்திருக்கிறேன், அவர் கையில் வாட்ச் இருப்பதே எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கைக்குள் போய் ஒளிந்துகொண்டிருந்தது.

ஒத்த ரூபாய் நாணயம் மூன்றை அடுக்கினால் என்ன உயரம் வருமோ அவ்வளவுதான் அது. வெள்ளை டயல். எண் கிடையாது, மணிக்கு ஒரு மெல்லிய தங்கக் கோடு. இரண்டே முள். தேதி இல்லை, நொடிமுள் இல்லை. கறுப்புத் தோல் வார். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய சாமான் மாதிரி சத்தமில்லாமல் கிடந்தது.

“இதுல செல்லு எங்க சார் போடுவாங்க?” என்று கேட்டேன்.

“செல்லே கெடையாது. சாவி குடுக்கற வாட்ச். எங்க அப்பா காலத்து டெக்னிக்தான்.”

“பத்துப் பல்லு கட்டுற காசுல பாதி இதுக்குள்ள இருக்கு தம்பி,” என்றார் பல் டாக்டர்.

“பத்துப் பல்லா? அம்பது வாய்க்குக் கட்டலாம். நீ சும்மா இரு,” என்றார் மில்காரர்.

சார் இருவரையும் கண்டுகொள்ளாமல் என்னிடம் சொன்னார். “தடிமனா ஒரு வாட்ச் செய்யறது பெரிய விஷயமில்ல. இடம் இருந்தா எல்லாம் ஓடும். இதுக்குள்ள சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல ஒரு முடி போற இடங்கூட இல்ல. அவ்வளவு நெருக்கத்துல ஒண்ணை ஒண்ணு உரசாம ஓடணும். ஒவ்வொரு அச்சுலயும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான் இதோட சாப்பாடு.”

என் மனைவி தட்டுகளை எடுத்துக்கொண்டு போனவள் நின்றாள். “சார், கோவிச்சுக்காதீங்க. இம்புட்டுக் காசு குடுத்து வாங்கி, கையில இருக்கதே தெரியக் கூடாதுன்னா, எதுக்கு சார்?”

சார் சிரித்தார். “அதுக்குத்தாம்மா அந்தக் காசே.”

அவருடைய இளைய மகளுக்கு மாசியில் கல்யாணம். அன்றைக்குக் கட்டுவதற்காக வாங்கியது அது. “அன்னிக்கு நான் நிமிஷத்தை எண்ணிக்கிட்டு நிக்கக் கூடாது. மணி தெரிஞ்சாப் போதும்,” என்றார். அது எனக்குச் சுருக்கென்று பட்டது. ஏன் என்று சொல்ல வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். படிப்பு வராமல் இல்லை. முழுப்பரீட்சை எழுதுகிற ஹாலில் நேர் எதிரே ஒரு பெரிய சுவர்க்கடிகாரம் இருந்தது. அதன் சிவப்பு நொடிமுள் சொடக்குப் போடுவது மாதிரி நகரும். நான் கேள்வியைப் படிப்பேன், முள்ளைப் பார்ப்பேன், திரும்பக் கேள்வியை முதலிலிருந்து படிப்பேன். கணக்குப் பரீட்சையன்று பேப்பரில் என் பெயரை மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீட்டில் வயிற்றுவலி என்று சொன்னேன். அதற்குப் பிறகு போகவில்லை. கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தடவை எழுந்து பார்க்கிறவன் நான். கதவுத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துவிட்டு, ஆட்டியதில் கழன்றிருக்குமோ என்று மறுபடி ஆட்டுகிறவன். அப்படிப்பட்டவனுக்கு நொடிமுள் இல்லாத ஒரு வாட்ச் என்பது, யாரோ தோளில் கை வைத்து ‘பொறுமையா செய்யப்பா’ என்று சொன்னது மாதிரி இருந்தது.

“இத நீங்க வச்சிக்கங்க,” என்றார் சார். “சாமிக்காக யாரும் செருப்பே போடக் கூடாத ஊருக்குப் போறோம். அங்க எதுக்கு இந்த வாட்ச்? வேர்வை பட்டா இதுக்கு ஆகாது. தெனம் காலையில ஏழு மணிக்குச் சாவி குடுங்க. இருபது இருபத்தஞ்சு சுத்து சுத்துனா கெட்டியாகி நிக்கும். நின்னதுக்கு அப்புறம் சுத்திறாதீங்க.”

“சுத்துனா என்ன சார் ஆகும்?”

“உள்ள இருக்க ஸ்ப்ரிங் போயிடும்.”

“ஸ்ப்ரிங் போனா என் கிளினிக்கோட ரெண்டு மாச வருமானம் போச்சுன்னு அர்த்தம்,” என்றார் டாக்டர்.

சார் சொன்னதில் இருபத்தைந்து என்கிற எண் என் காதில் ஏறவில்லை. ‘அப்புறம் சுத்திறாதீங்க’ என்பது மட்டும்தான் ஏறியது.

மறுநாள் அவர்கள் வெள்ளனே கிளம்பிப் போனார்கள். ஏழு மணிக்குக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டு வாட்சை எடுத்தேன். பக்கவாட்டில் கடுகு அளவுக்கு ஒரு திருகு. இரண்டு விரலால் பிடித்து முன்னால் தள்ளினேன். நறநறவென்று ஒரு சின்ன உணர்ச்சி விரலில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது சுற்றில் கெட்டியாகிற மாதிரி இருந்தது. விட்டுவிட்டேன்.

அது கெட்டியாகவில்லை. என் விரல்தான் இறுகியிருந்தது. இப்போது தெரிகிறது.

அன்று காலை ஒரு தப்பும் செய்தேன். தப்பா இல்லையா என்று இன்னமும் எனக்குத் தெரியாது. அதைக் கையில் கட்டிக்கொண்டேன். தோசை மாவு கரைக்கிற நேரம், ஒரு அரை மணி. எடையே இல்லை. கையில் இருக்கிறதா, எங்கேயாவது விழுந்துவிட்டதா என்று அடிக்கடி பார்க்க வேண்டியிருந்தது. மணி பார்ப்பதற்காக ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சம் வரும்போது அந்தத் தங்கக் கோடுகளில் ஒன்று மட்டும் மின்னிவிட்டு அடங்கும். அந்த அரை மணியில் நான் கேஸைத் திரும்பப் பார்க்கவில்லை. என் மனைவிதான் அதைக் கவனித்தாள்.

“என்ன, இன்னிக்கு அடுப்புப் பக்கம் ரோந்து வரல?” என்றாள். பிறகு கையைப் பார்த்தாள். “ஆத்தாடி, கழட்டி வைங்க மொதல்ல.”

கழற்றி வைத்தேன். ஆனால் பணக்காரர்கள் எதற்கு இதை வாங்குகிறார்கள் என்பது எனக்கு அன்றைக்குப் புரிந்தது. எல்லா வாட்சும் ‘என்னைப் பார்’ என்று சொல்லும். இது சொல்லாது. இதைக் கட்டிக்கொண்டவனுக்கு அவசரம் இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. அப்படி ஒரு அரை மணி நேரம் என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரண்டாம் நாள் காலை நான்கு சுற்றோடு நிறுத்திக்கொண்டேன். நேற்று ஆறு கொடுத்தாயிற்றே, ரொம்பிவிடுமோ என்று பயம். அன்று நல்ல உறைபனி. புல்லெல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. வேலையில் வாட்சை மறந்துபோனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு ஞாபகம் வந்து போய்ப் பார்த்தால் மணி மூன்று பத்து. காதில் வைத்தேன். என் நெஞ்சு அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

“நின்னு போச்சு,” என்றேன்.

“சாவி குடுங்க, ஓடும்,” என்றாள் மனைவி.

“குடுத்ததுனாலதான நின்னுருக்கு. ஜாஸ்தியா சுத்திட்டேன். ஸ்ப்ரிங் போச்சு.”

“எத்தன சுத்து சுத்துனீங்க?”

“நாலு.”

“சார் இருபத்தஞ்சுன்னாரு. நான் தட்டு எடுக்கும்போது என் காதுல விழுந்துச்சே. கெட்டியா நிக்கிற வரைக்கும் சுத்துங்கன்னுதான சொன்னாரு?”

அவள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். அவள் சொன்னது அவ்வளவு சாதாரணமாக இருந்ததால்தான் நான் கேட்கவில்லை. எனக்கு வருகிற கஷ்டம் எதுவும் அவ்வளவு சுலபமாகத் தீராது என்று ஒரு நினைப்பு. விரலை அந்தத் திருகு வரை கொண்டுபோய்விட்டு எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் சார் சொன்ன எண்ணெய்ச் சொட்டு ஞாபகம் வந்தது.

எங்கள் மலையில் டிசம்பர், ஜனவரியில் தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடக்கும். கவிழ்த்தாலும் விழாது. வெயில் இருந்தால் வெயிலில் வைப்போம். வெயில் இல்லாவிட்டால் விறகு பாய்லர் வைத்திருக்கிற செங்கல் திட்டில் வைப்போம். பாட்டில் மட்டுமில்லை. நமுத்த தீப்பெட்டி, காயாத சாக்ஸ், கட்டிபட்ட உப்பு எல்லாம் அந்தத் திட்டில்தான் இருக்கும். டிவி ரிமோட் வேலை செய்யவில்லையென்றால் அதன் செல்லை அங்கே அரை மணி வைத்து எடுத்தால் இன்னும் ஒரு வாரம் ஓடும். நின்றுபோன எதையும் இங்கே முதலில் சூடு காட்டிப் பார்ப்போம். பாதிக்குப் பாதி ஓடிவிடும். அதனால் எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை. எண்ணெய் உறைந்துவிட்டது. இளக்கிக் கொடுத்தால் ஓடும்.

மூன்றாம் நாள் காலை பாய்லரைப் பற்றவைத்ததும் வாட்சைக் கைக்குட்டையோடு திட்டில் எண்ணெய் பாட்டில் பக்கத்தில் வைத்தேன். தண்ணீர் கொதித்து மூடி இடுக்கில் ஆவி வந்துகொண்டிருந்தது. ஆவியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. சூட்டைப் பற்றித்தான் யோசித்தேன், அதிகமாகிவிடக் கூடாதே என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் காதில் வைத்தேன். ஓடியது. புழு இலையைக் கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சூட்டினால் ஓடவில்லை, கையில் எடுத்து ஆட்டியதில் மிச்சமிருந்த கொஞ்ச முறுக்கு அவிழ்ந்திருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். அப்போது எனக்கு அது தெரியாது. சந்தோஷத்தில் பயம் விட்டுப்போய், விரல் தானாகப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றியது. திருகை இழுத்துப் போனைப் பார்த்து மணியையும் திருத்தினேன்.

அப்புறம்தான் கண்ணாடியைப் பார்த்தேன். உள்பக்கம் மூடுபனி.

துணியால் துடைத்தேன். போகவில்லை. உள்ளே இருப்பதைத் துடைக்க முடியுமா? ஜன்னலோரம் வைத்துவிட்டு ஒவ்வொரு வேலைக்கு நடுவிலும் வந்து பார்த்தேன். மத்தியானத்துக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்து பழையபடி ஆகிவிட்டது. நம் ஊர் மூடுபனியும் அப்படித்தானே, வந்த சுவடு இல்லாமல் போய்விடும். போய்விட்டது என்று நினைத்தேன்.

“சார் வந்ததும் சொல்லிருங்க,” என்றாள் மனைவி.

“தெளிஞ்சிருச்சே. என்னத்தச் சொல்ல?”

“தெளிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க.”

சாயங்காலம் ஐந்து மணிக்கு மூன்று பேரும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். டாக்டர் நொண்டிக்கொண்டே வந்தார். சார் முகம் கழுவிவிட்டு நேரே என்னிடம் வந்து கையை நீட்டினார். கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்தார். சிரித்தார்.

“கரெக்டா சாவி குடுத்தீங்களா?”

“குடுத்தேன் சார்.”

“எத்தன சுத்து?”

“நீங்க சொன்ன மாதிரி, சார்.”

அவர் என் தோளில் தட்டி, நண்பர்களைப் பார்த்துச் சொன்னார். “பாத்தியாடா? இந்த மாதிரி சாமானை எல்லாம் பயந்த ஆள்கிட்டத்தான் குடுக்கணும். தைரியசாலிகிட்ட குடுத்தா ஒடச்சிருவான்.”

நான் டீ போடப் போய்விட்டேன்.

இன்னும் இரண்டு நாள் தங்கினார்கள். அந்த இரண்டு நாளில் சொல்வதற்கு எத்தனை நேரம் இருந்தது என்று இப்போது எண்ணினால் மலைப்பாக இருக்கிறது. எட்டு தடவை டீ, ஆறு சாப்பாடு. ஒரு தடவை அவரே வாட்சைத் தூக்கிக் காட்டி, “ஓரத்துல லேசாப் பனி மாதிரி தெரியுதே?” என்றார்.

“இந்த ஊர்க் குளிருக்கு எல்லாமே அப்பிடித்தான் சார்,” என்றேன்.

கிளம்புகிற காலையில் வெளிக்குழாயில் மூன்று பேரும் கை கழுவினார்கள். தண்ணீர் ஊசி குத்துகிற மாதிரி இருந்தது. டாக்டர் இரண்டு கையிலும் தண்ணீரை ஏந்தி சார் மேல் இறைத்தார்.

“டேய்! வாட்ச்சுடா, எரும!” என்று சார் கத்தினார்.

“பொண்ணு கல்யாணத்துக்கு வாங்குன வாட்ச், பொண்ணு மாதிரியே தொட்டாச் சிணுங்குதோ?” என்றார் டாக்டர்.

துண்டு என் கையில்தான் இருந்தது. நீட்டினேன். சார் கையைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அதை நான் மறைக்கக் கூடாது. தண்ணீர் பட்டுவிட்டது, ஐந்து பேர் பார்த்திருக்கிறோம், இனிமேல் என்ன ஆனாலும் இதுதான் காரணம் என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டது. யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகவே வந்தது.

பங்குனியில் சார் போன் செய்தார். கல்யாணத்தன்று தாலி கட்டுகிற நேரத்துக்கு முன்னாலேயே வாட்ச் நின்றிருக்கிறது. சென்னையில் ஒருவரிடம் கொடுத்துத் திறந்து பார்த்ததில் உள்ளே துரு. ஒரு சின்னச் சக்கரமும் ஸ்ப்ரிங்கும் போய்விட்டன. டயலில் ஒரு கறை. சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும்.

“உங்ககிட்ட இருந்தப்ப ஏதும் தண்ணி கிண்ணி பட்டுச்சா தம்பி? திட்டறதுக்குக் கேக்கல. தெரிஞ்சா ரிப்பேர்காரருக்குச் சொல்லலாம்.”

நான் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினேன். பிறகு அவரே சொன்னார். “சரி, உங்ககிட்ட என்ன இருக்கு. இந்த டாக்டர் பய பண்ண வேலை. குழாயடியில இறைச்சான்ல?”

“ஆமா சார். இறைச்சாங்க,” என்றேன்.

பொய் இல்லை. இறைத்தார்தான். நான் அந்த வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனையோ தடவை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன், எங்கேயாவது கொஞ்சம் உண்மை ஒட்டியிருக்கிறதா என்று.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். “கேஸ் மூடியிருக்கான்னு மூணு தடவ பாக்குறீங்க. இத ஒரே ஒரு தடவ சொல்லிட்டாப் போதும். அப்புறம் பாக்கவே வேண்டியதில்ல,” என்றாள். நாளைக்கு என்றேன். நாளைக்கு என்பது அந்த வருஷம் முழுக்கப் போனது. போன் அடித்தாலே சாராக இருக்குமோ என்று நம்பரைப் பார்த்த பிறகுதான் எடுப்பேன். அவர் அதற்கப்புறம் கூப்பிடவே இல்லை.

அடுத்த ஜனவரியில் மில்காரர் மட்டும் வந்தார். ஒரே ஒரு பை. மூன்று அறை வீட்டில் நடு அறையில் தனியாகத் தங்கினார். சாப்பாடு வைக்கும்போது பழக்கத்தில் மூன்று தட்டு எடுத்துவிட்டேன்.

“ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க தம்பி,” என்றார்.

“அவங்க வரலையா சார்?”

“ரெண்டு பேரும் பேசிக்கிறதில்ல. வருஷம் ஆகப் போகுது. ஒரு வாட்சு. நம்ப முடியுதா? இவன் போய், நீ பண்ண விளையாட்டுல என் பொண்ணு கல்யாணத்தன்னிக்கே நின்னு போச்சுடான்னான். அவன், நாலு சொட்டுத் தண்ணிக்கு நிக்கிற வாட்சை வாங்குனது உன் கொழுப்புடான்னான். அப்படியே ஏறிருச்சு. சின்ன வயசுலேருந்து என்னென்னவோ இழுத்துப் பேசிட்டாங்க. நான் ரெண்டு வீட்டுக்கும் நடந்து நடந்து ஓஞ்சிட்டேன்.” சாம்பாரை ஊற்றிக்கொண்டு சாப்பிடாமல் இருந்தார். “டாக்டருக்கு முட்டி ஆபரேஷன் வேற. வெள்ளகவி எறங்கினதுதான் அவன் கடைசியா நடந்த நடை. இனி எங்கயும் எறங்க முடியாதுன்னுட்டாங்க. இந்த வருஷம் மூணு பேரும் சும்மா ஒக்காந்து ஏரியைப் பாத்துட்டாவது போலாம்னு நெனச்சேன்.”

சமையல்கட்டுக்குப் போனேன். மனைவி என்னைப் பார்த்தாள். போனை எடுத்துக்கொண்டு பாய்லர் பக்கம் போய் நின்று சாருக்கு அடித்தேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை. அங்கேதான் நடந்தது, அங்கேயே நின்று சொல்ல வேண்டும் என்று பட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு சுற்று, நான்கு சுற்று, எண்ணெய் உறைந்ததென்று நினைத்தது, பாய்லர் திட்டு, கண்ணாடிக்குள் பனி, துண்டை நீட்டியது. லைன் இருக்கிறதா என்று இரண்டு தடவை கேட்டேன். இருக்கு, சொல்லுங்க என்றார்.

முடித்ததும் மெதுவாகக் கேட்டார். “தேங்காயெண்ணெ மாதிரியா?”

“ஆமா சார்.”

சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “அன்னிக்குச் சாயங்காலமே சொல்லியிருந்தீங்கன்னா, மறுநாளே மதுரைக்கு எறங்கியிருப்பேன், தொறந்து காயவச்சுக் குடுத்திருப்பாங்க. அரை நாள் வேலை. துருங்கறது ஈரத்தால வரல தம்பி. ஈரத்தை உள்ளயே விட்டு வச்சதால வந்தது.”

“தப்புத்தான் சார்.”

“வாட்சு கெடக்கட்டும். அத ரிப்பேர் பண்ணியாச்சு. அவன நான் என்னென்ன பேசினேன்னு உங்களுக்குத் தெரியாது. அவன் பொண்டாட்டி முன்னாடி வச்சுப் பேசினேன்.”

போனை வைத்துவிட்டார்.

மூன்று நாள் கழித்து ஒரு மத்தியானம் அவர் நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தால் டாக்டர் குரல்.

“என்ன தம்பி, என் மேல பழியப் போட்டுட்டு நல்லா தூங்குனீங்களா?”

“இல்ல சார். தூங்கல சார்.”

“தூங்கியிருக்க மாட்டீங்க. உங்க மூஞ்சியப் பாத்தா தெரியாதா? பல்லக் கடிச்சே பாதி தேஞ்சிருக்கும். ஒருநாள் வந்து காட்டுங்க.” பக்கத்தில் சார் ஏதோ சொல்வது கேட்டது. எனக்குக் கண் கலங்கியது. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்தார்கள்.

ரிப்பேருக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். அது எதுக்கு உங்களுக்கு என்றார் சார். நான் விடவில்லை. அவர் சொல்லமாட்டேன் என்றார். கடைசியில் டாக்டர்தான் போனைப் பிடுங்கி, “ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரம். டேய், வாங்கிக்கடா. வாங்கலேன்னா இவரு இன்னொரு வருஷம் தூங்க மாட்டாரு,” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மாதா மாதம் ஒன்றாம் தேதி மூவாயிரம். சீசன் இல்லாத மாதங்களில் பேத்துப்பாறையில் பூண்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகிறேன். மனைவி ஒரு சொல் சொன்னதில்லை. “நீங்க கொண்டு வந்த சோலி, நீங்களே முடிங்க,” என்றதோடு சரி.

பணம் போனதும் சார் பதிலுக்கு ஒரு போட்டோ அனுப்புவார். எழுத்து ஒன்றும் இருக்காது. அந்த வாட்சின் படம் மட்டும். டயலை மாற்றிவிட்டார்கள், கறை இல்லை. வெள்ளை, தங்கக் கோடுகள், இரண்டு முள். இதுவரை பதினொரு போட்டோ வந்திருக்கிறது. நொடிமுள் இல்லாததால் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அது ஓடுகிறதா நிற்கிறதா என்று தெரியாது. போட்டோவில் இருக்கிற மணியையும் படம் வந்ததாகப் போன் காட்டுகிற மணியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருந்தால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தப் பொங்கலுக்கு மூன்று பேரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நடக்க இல்லை, சும்மா உட்கார்ந்திருக்க. டாக்டர் கைத்தடியோடுதான் வருவாராம். வாசலில் இருக்கிற நான்கு படிக்கும் கைப்பிடிக் கம்பி போட முதலாளியிடம் கேட்டு, நானே போட்டுவிட்டேன். தினமும் அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். நான் அன்றைக்கே சொல்லியிருந்தால் போன பொங்கலுக்கும் அவர் இந்தப் படியில் ஏறி வந்து உட்கார்ந்திருப்பார், மூன்று பேருமாக. அந்த வருஷத்தை மாதம் மூவாயிரமாகக் கட்டித் தீர்க்க வழி இல்லை.

வாட்ச் ரிப்பேர் கணக்கில் பாக்கி இருப்பது எழுபத்தொன்பதாயிரம் ரூபாய்.